தொலைந்தது கடதாசியா, பிரசாவுரிமையா?

சில மாதங்களுக்கு முன்னர் வன்னிக்குச் சென்றிருந்தபோது, கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றக் கிராமம் ஒன்றில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். நான் பத்திரிகைக்காரன் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொலித்தீன் பையுடன் வந்து திண்ணையில் அமர்ந்தார். பைக்குள் இருந்தவை அனைத்தும் கடதாசிகள். கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி, செட்டிக்குளம் முகாமில் வழங்கப்பட்ட பதிவு அட்டை, சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள். ஒரேயொரு கடதாசியைத் தவிர எல்லாம் இருந்தன. அந்த ஒரு கடதாசியைப் பெறுவதற்காகவே ஏனையவை அனைத்தும் சேர்க்கப்பட்டிருந்தன. அது அவரது கணவரின் பெயரில் எண்பதுகளின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட பிரசாவுரிமைச் சான்றிதழ். மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களும் அதிலேயே இருந்தன என்று அவர் சொன்னார்.

அவருடைய பேரனுக்கு ஓர் ஆவணம் எடுக்கவேண்டியிருந்தது. பேரன் வன்னியில் பிறந்தவன். அவனுடைய தாய் பிறந்ததோ நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். தாய் எவ்வாறு பிரசையானார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சான்றிதழ் 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில், செல் விழுந்த பதுங்குகுழிக்குள், பிஸ்கட் பேணியோடு போய்விட்டது. அதே வாரத்தில் கணவரும் போய்விட்டார்.

அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. “அம்மா, சான்றிதழ் இலக்கமும் திகதியும் தந்தால்தான் கொழும்பிலை தேடிப் பாக்கச் சொல்லி எழுதலாம்” என்றாராம். மூதாட்டி என்னிடம் கேட்டார்: “ஐயா, தொலஞ்சு போன சட்டிபிக்கேட்டுல என்னா நம்பரு இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எனக்கு எழுத்தே தெரியாதுங்களே.”

அந்த அலுவலகம் எதுவென்பதை நான் இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் ஓர் அலுவலகத்தின் குறையாக அது சுருங்கிவிடும். நாற்பது ஆண்டு காலப் பத்திரிகைத் தொழிலில், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மேசைகளுக்கு முன்னால் இதே கேள்வி கேட்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியே தவறானது என்பதுதான் என் வாதம்.

சீட்டால் ஆளப்பட்ட மக்கள்

மலையக மக்களின் வரலாற்றை அவர்களுடைய கையில் திணிக்கப்பட்ட சீட்டுக்களைக் கொண்டே எழுதிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கூலிகளாக அழைத்துவரப்பட்டவர்கள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர்கள் என்பதைக் காட்டத் தகர வில்லை கொடுத்தார்கள். பின்னர் “துண்டு” இருந்தது. கடன் தீர்ந்தால் இந்தத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு. அது இல்லாதவனுக்கு வேறெந்தத் தோட்டத்திலும் இடமில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால், கையில் ஒரு கடதாசி இல்லாவிட்டால் நீ யாரும் இல்லை என்ற எண்ணம் ஒழிக்கப்படவில்லை. சுதந்திர இலங்கை அதனைச் சட்டமாக்கியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்துச் சிங்களவர், யாழ்ப்பாணத் தமிழர், மட்டக்களப்பு முஸ்லிம் ஆகியோரில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளியிடம் மட்டும் கேட்டார்கள்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம். மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதியில் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்கள் எனக் கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம்; இலங்கைக்கு 3 இலட்சம். மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். 1967ஆம் ஆண்டின் நடைமுறைப்படுத்தல் சட்டத்தின் கீழ், இந்தியா 7 பேரை ஏற்றால் இலங்கை 4 பேரை ஏற்கும் என்ற விகிதத்தில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பின்னர் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று சட்டங்கள்.

இத்தனை சட்டங்களையும் நான் வரிசைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே வீட்டில் பாட்டன் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், மருமகன் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், சித்தப்பன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பிரசையாகியிருக்கலாம். தன் கணவரின் சான்றிதழ் எந்தச் சட்டத்துக்குரியது என்பதை அந்த மூதாட்டி அறியமாட்டார். அறியவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

வன்னிக்கு வந்த வழி

இவர்கள் எவ்வாறு வன்னிக்கு வந்தார்கள் என்பதைப் புலம்பெயர்ந்த இளைய வாசகர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1958இல் ஒரு தொகுதியினர் வந்தனர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், பட்டினியால் விரட்டப்பட்டு இன்னொரு தொகுதியினர் வந்தனர். 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் வந்தவர்களே பெருந்தொகை. காந்தீயம் அமைப்பு அவர்களை வவுனியாவிலும் சுற்றுப்புறங்களிலும் குடியமர்த்தியது. அதனை நடத்திய கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1983 ஏப்ரலில் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் ஐயா பல்லாண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்து, இறுதியில் கிளிநொச்சிக்கே திரும்பி 2015இல் காலமானார். டொலர், கென்ற் பண்ணைகளில் குடியேறியிருந்த மலையக அகதிகள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அவ்விடங்களில் சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அதன்பின் அங்கு நடந்த இரத்தக்களரி வேறொரு கதை.

மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தருமபுரம் என்று இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் நாம் காணும் ஊர்கள் பலவற்றில் காடு வெட்டியவர்களும் களனியாக்கியவர்களும் இந்த மக்களே. அவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது கொண்டுவந்த சொத்துக்களில் பெறுமதியானது அந்தக் கடதாசி. தலையணை உறைக்குள், பிஸ்கட் பேணிக்குள், சாமிப்படத்தின் பின்னால் அதனைப் பாதுகாத்தார்கள்.

2008இன் பிற்பகுதியில் மேற்கிலிருந்து தொடங்கிய ஓட்டம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று தொடர்ந்து, 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தில் முடிந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு சுமை குறைந்தது. முதலில் கட்டிலும் அலுமாரியும், பின்னர் துவிச்சக்கரவண்டி, பின்னர் சட்டிபானை, இறுதியில் மனிதர்கள். மெனிக் பாம் முகாமுக்குள் போனவர்களில் பலர் உடுத்த உடையோடு போனவர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து வீடு திரும்பியவர்களுக்குக் கூரைத் தகடும் சீமெந்தும் கிடைத்தன. தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களுக்கும் அடையாள அட்டைகளுக்கும் நடமாடும் சேவைகள் நடந்தன. அவற்றால் பயனடைந்தோர் பலர் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஒரு யாழ்ப்பாணத் தமிழருக்குப் போதுமானதாக இருக்கும் இடத்தில், மலையகத்திலிருந்து வந்தவருக்கு அது போதுவதில்லை. பிறந்தாய் என்பது சரி, பிரசையாக எப்போது ஆனாய் என்ற இரண்டாவது கேள்வி அவருக்கு மட்டும் காத்திருக்கிறது. முதற் கடதாசியைப் பெறுவதும் இலகுவன்று. தோட்டப் பிறப்புக்கள் தோட்டத்துரையின் அறிவித்தலின் பேரில் பதியப்பட்டவை. கந்தோர்க் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒரு பதிவில் “ராமாயி”, இன்னொன்றில் “இராமாய்”, ஆங்கிலத்தில் வேறொன்று. தோட்டங்கள் கைமாறின, பிரிக்கப்பட்டன. எழுத்து ஒன்று மாறினால் ஆளே மாறிவிடுகிறார். வன்னியிலிருந்து நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் கொழும்புக்குமாக அலைவதற்குப் பஸ் கட்டணம் வேண்டும். அன்றைய கூலியையும் இழக்க வேண்டும்.

சான்றிதழ் என்பது என்ன?

இனி விடயத்துக்கு வருவோம். காணி உறுதி எரிந்துவிட்டால் காணி அரசுக்குப் போய்விடுமா? காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கிறது, பிரதி எடுக்கலாம். திருமணச் சான்றிதழ் கிழிந்துபோனால் கணவனும் மனைவியும் அந்நியராகி விடுவார்களா? பதிவாளரிடம் பதிவு இருக்கிறது. பிரசாவுரிமைச் சான்றிதழும் அவ்வாறானதே. உரிமை வழங்கப்பட்ட நாளில் அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. அந்த எழுத்தின் சாட்சியாக ஒரு தாளை மக்களிடம் கொடுத்தது. தாள் மக்களிடம் இருந்தது. பதிவேடு அரசிடம் இருக்கிறது. தாள் போரில் போய்விட்டது என்றால், பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டியவர் யார்? பதிவேடு தன்னிடம் இருக்க, தாளின் இலக்கத்தைக் கொண்டுவா என்று எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் கேட்பது எந்த நியாயம்?

அரசியலமைப்பு இதில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, “இலங்கைப் பிரசை” என்ற ஒரேயொரு அந்தஸ்தே உண்டு என்று கூறுகிறது. வம்சாவளியால் பெற்றாரா, பதிவினால் பெற்றாரா என்பதை வைத்து எந்தத் தேவைக்காகவும் பிரசைகளிடையே வேறுபாடு காட்டலாகாது என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. எந்தத் தேவைக்காகவும் என்ற சொற்களை அதிகாரிகள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவரிடம் மட்டும் இரண்டாவது கடதாசி கேட்பது வேறுபாடு இல்லையென்றால் வேறு எது வேறுபாடு?

அடுத்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசைகள் என்று அது கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் மலையகத்திலும் பிற இடங்களிலும் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியுடன் நடந்த இயக்கத்தில், பத்தே நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வரையில் பிரசாவுரிமை பெற்றனர். மனம் இருந்தால் பத்து நாளில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு.

இப்போது அந்த மூதாட்டியின் வழக்கை எடுத்துக்கொள்வோம். கணவருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்று அவர் சொல்வது உண்மையானால், அவரும் பிள்ளைகளும் எண்பதுகளிலேயே பிரசைகள். அவர் சொல்வது தவறு, அத்தகைய சான்றிதழே வழங்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர். ஆகவே 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிரசைகளாக்கிவிட்டது. எந்த வாசலால் நுழைந்தாலும் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவர் இந்தியப் பிரசையானார் என்று யாரேனும் கூறுவதானால், அதற்கான அத்தாட்சியைக் கூறுபவரே காட்ட வேண்டும். அப்படியிருக்க, எந்த வாசலால் வந்தாய் என்பதை நிரூபிக்கும் வரை வெளியே நில் என்பது சட்டத்தின் குரல் ஆகாது. 1948இல் எழுந்த குரலின் எதிரொலி அது.

செத்தவருக்குப் போதும், இருப்பவருக்குப் போதாது

போரினால் ஏற்பட்ட விசேட நிலைமைகளுக்கு இந்நாட்டுப் பாராளுமன்றம் விசேட சட்டங்கள் இயற்றியதே இல்லையா? இயற்றியிருக்கிறது. மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

போருக்கு அஞ்சி இந்தியாவுக்கு ஓடிய இந்திய வம்சாவளியினர் தொடர்ந்து இலங்கையில் வாழவில்லை என்பதால் பிரசாவுரிமை பெற முடியாதிருந்த தடையை 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டங்கள் நீக்கின. போரின் விளைவை மனிதரின் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களின் உரிமை காலவோட்டத்தால் கெட்டுப்போகாமல் காத்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவதற்குத் தற்காலிக ஏற்பாடு செய்தது. அதற்கு உடல் வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கை வேண்டியதில்லை. சத்தியக் கடதாசியும் கிராம அலுவலரின் அறிக்கையும் கொண்டு மரணச் சான்றிதழ் பெறலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அதனை ஏன் எதிர்த்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவர். அது தனியே எழுதவேண்டிய விடயம்.

நான் கேட்பது ஒன்றே. கண்ணால் காணாத மரணத்தைப் பதிவதற்கு ஒரு சத்தியக் கடதாசி போதுமானதாக இருந்தது. கண்ணெதிரே நிற்கும் பெண்ணைப் பிரசையென்று பதிவதற்கு அதே சத்தியக் கடதாசி ஏன் போதவில்லை? 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் காலத்தில் இதே மக்களிடம் இதே விதமான சத்தியக் கடதாசியைப் பெற்றுக்கொண்டுதான் அரசு அவர்களை வாக்காளர்களாக்கியது. வாக்குத் தேவைப்பட்டபோது வார்த்தையை நம்பினார்கள்.

பொலிஸ் முறைப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. பையைப் பஸ்ஸில் தவறவிட்டவர் முறைப்பாடு செய்வது பொருத்தம். மூன்று இலட்சம் பேரளவில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டதை உலகமே படம் பிடித்தது. வலைஞர்மடத்தில் பொருட்கள் தொலைந்தன என்பதற்குத் தனித்தனியே முறைப்பாட்டுப் பிரதி கேட்பது, சுனாமியில் வீடு நனைந்ததற்குச் சாட்சி கேட்பது போன்றது.

மோசடி என்ற பூச்சாண்டி

“எல்லாரையும் நம்பிக் கொடுத்தால் மோசடி நடக்குமே” என்பது அதிகாரிகள் முன்வைக்கும் எதிர்வாதம். அதனை நான் அலட்சியம் செய்யவில்லை. போலி ஆவணங்கள் இந்நாட்டில் உலவுகின்றன. ஆனால் அவற்றைத் தயாரிப்பவர்களுக்கு வசதி உண்டு, தரகர் உண்டு, இலக்கமும் திகதியும் முத்திரையும் பிசகாமல் இருக்கும். இலக்கம் தெரியாது என்று ஒப்புக்கொள்பவர் ஏழையான உண்மையாளரே. மோசடியைத் தடுக்கும் வழியும் பதிவேட்டைத் தேடுவதுதான். பதிவேட்டைத் தேடாமல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது மோசடித் தடுப்பு ஆகாது. வேலையைத் தட்டிக் கழிப்பதற்கு அது ஒரு நல்ல பெயர், அவ்வளவே.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்கு “வின்ட்ரஷ்” விவகாரம் நினைவிருக்கும். 1948ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்தப் பெயருடைய கப்பலில் வந்திறங்கியவர்கள் முதலாக, கரிபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து குடியேறியவர்கள் அந்நாட்டில் உழைத்து வரி கட்டி முதுமையடைந்தனர். பின்னர், நீ இங்கு இருப்பதற்கு உரிமையுள்ளவன் என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஆவணம் காட்டி நிரூபி என்று கேட்கப்பட்டார்கள். வேலையிழந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருகை அட்டைகளை 2010இல் அரச அதிகாரிகளே அழித்துவிட்டார்கள் என்பது 2018இல் அம்பலமானது. உள்துறைச் செயலாளர் அம்பர் ரட் பதவி விலகினார். அரசு மன்னிப்புக் கேட்டது. இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31ஆம் திகதி வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடுபட்டதையும் கண்டோம். அங்கும் பெயரில் ஓர் எழுத்து மாறியதே பலருக்கு வினையாயிற்று. நிரூபிக்கும் பாரத்தை எளியவர் தோளில் ஏற்றும்போது எங்கும் இதுவே நடக்கிறது.

எங்கள் பங்கு

கொழும்பைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு இலகு. வாசகர்களும் அதனை விரும்பி வாசிப்பார்கள். ஆனால் வன்னியிலுள்ள அந்த மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களே என்பதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது.

மலையக மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினையில் கருத்து முரண்பட்டுத்தான் தந்தை செல்வா காங்கிரஸிலிருந்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்று மேடைகளில் பெருமையுடன் கூறுகிறோம். அதே வாயால் “தோட்டக்காட்டார்” என்றும் கூறியிருக்கிறோம். அவர்கள் வெட்டிய காட்டில் நெல் விளைந்தபோது காணி உறுதி வேறொருவர் பெயரில் இருந்தது. கூலிக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்கள் எங்களவர். காணிக் கச்சேரி கூடியபோது அவர்கள் வந்தேறிகள். போராட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அந்தக் குடில்களின் கதவுகளும் தட்டப்பட்டன. முள்ளிவாய்க்காலில் விழுந்த செல்லுக்கு யார் வம்சாவளி, யார் பதிவு என்ற பேதம் இருக்கவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் அலுவலகங்களில் அந்தப் பேதம் இருக்கிறது என்றால் வெட்கப்படவேண்டியவர்கள் நாங்கள்.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். விழாக்கள் நடந்தன, தலைவர்கள் பேசினார்கள். அந்த மேடைகளில் வன்னியில் வாழும் மலையக மக்கள் எத்தனை தடவை நினைவுகூரப்பட்டார்கள்? மலையகத் தலைமைகளுக்கு அவர்கள் வடக்கு வாக்காளர்கள். வடக்குத் தலைமைகளுக்கு அவர்கள் மலையகத்தார். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை, சோற்றுக்கு மட்டும் இல்லை என்ற நிலை.

செய்யவேண்டியவை

புலம்பலோடு நிறுத்த விரும்பவில்லை. பெருஞ்செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

முதலாவது, 1949 முதல் 2003 வரையான பிரசாவுரிமைச் சட்டங்களின் கீழ் வழங்கப்பட்ட சான்றிதழ்களின் பதிவேடுகள் அனைத்தையும் கணினிமயப்படுத்தி, பெயரையும் தோட்டத்தையும் கொண்டு தேடக்கூடியதாக்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்களிலேயே அதனைப் பார்க்க வழி வேண்டும். இந்திய நிதியுதவியோடு எண்ணிம அடையாள அட்டை வழங்கத் திட்டமிடும் நாட்டுக்கு இது பெரிய வேலையன்று. இதனைச் செய்யாமல் அந்த அட்டையை வழங்கத் தொடங்கினால், பழைய விடுபடல்கள் இனிக் கணினிக்குள்ளும் நிலைத்துவிடும்.

இரண்டாவது, வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தவர்களிடம் பொலிஸ் முறைப்பாடு கேட்பதைச் சுற்றுநிருபம் மூலம் நிறுத்த வேண்டும். முகாம் பதிவும் சத்தியக் கடதாசியும் போதுமானவை எனக் கொள்ள வேண்டும், கட்டணம் அறவிடக்கூடாது.

மூன்றாவது, பெயரின் எழுத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி நிராகரிக்கும் அதிகாரத்தை எழுதுவினைஞர் மட்டத்திலிருந்து நீக்க வேண்டும். நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில், தமிழில், குறித்த காலத்துக்குள் தர வேண்டும். தமிழும் அரச கருமமொழி என்பது 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களில் எழுதப்பட்ட விடயம். சிங்களத்தில் வந்த அந்த இரண்டு கடிதங்களையும் வாசிப்பிக்க மூதாட்டி ஐந்து கட்டை நடந்திருக்கிறார்.

நான்காவது, தேசிய அடையாள அட்டையும் வாக்காளர் பதிவும் உள்ள ஒருவரின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் மூதாதையரின் சான்றிதழைக் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர் பிரசையல்ல என்று கருதும் அதிகாரியே அதற்கான காரணத்தைக் காட்டட்டும்.

இவை நடக்கும் வரை மக்கள் கையிலுள்ள ஓர் ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பதிவேட்டில் இன்னாரின் பெயர் உண்டா என்று எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அந்த உரிமை “பிரசைகளுக்கு” உரியது என்று சட்டம் கூறுவதை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பயன்படுத்துங்கள். கிராமத்துச் சங்கங்களும் இளம் சட்டத்தரணிகளும் இதனை ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடமோ, நீலகிரியிலும் கூடலூரிலும் தாயகம் திரும்பியோராக வாழும் உங்கள் உறவினரிடமோ பழைய சான்றிதழ்கள், கடவுச்சீட்டுக்கள், கூப்பன் புத்தகங்கள், குடும்ப அட்டைகள் இருக்கக்கூடும். பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரதி எடுத்து அனுப்புங்கள். அண்ணனின் சான்றிதழில் உள்ள தோட்டத்தின் பெயர், தங்கையின் பதிவைக் கண்டுபிடிக்க உதவலாம்.

நான் விடைபெற்றபோது அந்த மூதாட்டி கடதாசிகளை மீண்டும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பொலித்தீன் பைக்குள் வைத்தார். “பேப்பருல எழுதுனா கெடைக்குமுங்களா ஐயா?” என்று கேட்டார். கிடைக்கும் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. எழுதுகிறேன் அம்மா என்று மட்டும் சொன்னேன். எழுதிவிட்டேன். பதிவேடு அரசிடம் இருக்கிறது. அதனைத் திறந்து பார்க்கட்டும்.